அடுக்களைக்குப் போன வினாக்கள்

வெள்ளிக்கிழமை, விடியற்காலை

வோட்டுவாலேவிலிருந்து நாங்கள் புறப்பட்டபோது கிழக்கு வெளுத்துவிட்டது. ஆயினும் வெளிச்சத்தில் ஒரு கருமை கலந்திருந்தது. அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டங்களுக்குத் தீயிடுவது இந்நாட்டு வழக்கம். எங்கோ எரிந்த தோட்டத்தின் கரித்துகள்கள் காற்றில் மிதந்து வந்து என் வெண்ணிற மேலாடையில் அமர்ந்தன. கையால் தட்டப் போனேன்.

"தட்டாதீங்க ஐயா, கோடு விழுந்துரும். ஊதுங்க" என்றார் கோவிந்தசாமி.

கோவிந்தசாமி வானூர்தி நிலைய அலுவலகத்தில் பணிபுரிபவர். இங்குள்ள தென்னிந்தியர் சங்கக் கிளையின் செயலாளர். சொற்பொழிவுகளுக்காகப் பிஜித் தீவுக்கு வந்த என்னைத் தம் இல்லத்தில் தங்கவைத்துப் பேணியவரும் அவரே. அன்றைய பயணம் சொற்பொழிவுக்கானதன்று. இரக்கிரக்கிப் பகுதியில் சென்ற கரும்புப் பருவத்தில் இளம் மருமகள் ஒருத்தி தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். அதற்கு முந்தைய பருவத்தில் ஆற்றுக்கு அப்பாலிருந்த ஊரில் இன்னொருத்தி. சங்கத்துப் பெரியோர் கூடிப் பேசியபோது ஒருவர் யங்கோனா என்னும் வேர்ச்சாற்றுக் குடியே காரணம் என்றாராம். மற்றொருவர் திரைப்படம் என்றார். குத்தகை நிலத்தின் கெடு முடியப்போகும் அச்சம் என்றார் வேறொருவர். ஆளுக்கொரு காரணம் சொன்னார்களே தவிர எந்த வீட்டிலும் ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே வீடு வீடாகச் சென்று கேட்பது என்று முடிவாயிற்று.

வினாக்கள் அச்சிடப்பட்டன. வீட்டாருக்கு மூன்று வாக்குறுதிகளும் தரப்பட்டன: பெயர் எழுதப்படாது, சொன்னது வெளியே போகாது, கேட்க வந்தவர்கள் மறுபடி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். ஞாயிறன்று லௌட்டோகாவில் கூடும் கூட்டத்தில் விடைகளைத் தொகுத்துப் படிப்பார்கள். குடும்பங்களுக்குத் துணைநிற்க ஒரு பெண் பணியாளரை அமர்த்துவதா வேண்டாமா என்பது அங்கே முடிவாகும். எஞ்சியிருந்தது இரக்கிரக்கியில் ஒரேயொரு குடியிருப்பு. சென்ற ஆண்டு சாவு நேர்ந்த குடியிருப்பு அதுவே.

லௌட்டோகாவுக்குப் பதினைந்து மைல். கட்டணம் நாற்பது காசு. அங்கிருந்து இரக்கிரக்கிக்குச் செல்லும் பேருந்தில் மாறி ஏறினோம். அறுபத்தைந்து மைலுக்கு ஒரு டாலர் அறுபது காசு. பேருந்துக்குச் சன்னல் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் இறக்கிவிடும் தடித்த துணி மேலே சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர் இந்தியாவா?"

"ஆம் ஐயா, தஞ்சைப் பக்கம்."

"நம்ம ஆஜா மட்ராஸ்." பாட்டனாரை இங்கே ஆஜா என்கிறார்கள். "எந்த மட்ராஸ்னு கேக்காதீங்க. கப்பல் ஏறின மட்ராஸ், அவ்வளவுதான் தெரியும்."

வண்டி கிளம்பும் நேரத்தில் ஆசிரியை கதீஜா ஏறினார். அகவை முப்பத்தைந்து இருக்கலாம். தலையில் வெண்முக்காடு, கையில் சமுக்காளப் பை. ஒப்பந்தக் கூலிகளாய் வந்த தென்னிந்திய முசுலிம் குடும்பம் ஒன்றின் வழித்தோன்றல். விடைகளை எழுதும் பணி அவருடையது. அக்குடியிருப்பில் எவருக்கும் உறவல்லாதவர், எவர் வீட்டுத் திருமணப் பேச்சிலும் இடம்பெறாதவர் என்பதனால் சங்கத்தார் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தனர்.

முற்பகல்

மன்னர் சாலை பா நகரைத் தாண்டியதும் புழுதிச் சாலையாயிற்று. கரும்பு ஏற்றிய சரக்குந்துகள் எதிரே வரும்போதெல்லாம் பேருந்து ஒதுங்கி நின்றது. தாவுவாவுக்குச் சற்று முன்னர்க் கதீஜா தம் மனக்குறையை வெளியிட்டார்.

"செகரட்டரி பாய், நேத்து பாவிலே எத்தனை வீடு கேட்டோம். எல்லா வீட்டிலேயும் ஒரே பதில். கவனிச்சீங்களா?" அண்ணனை இங்கே பாய் என்கிறார்கள்.

"நல்ல குடும்பங்கள் டீச்சர்."

"கேள்வி தமிழ்லே. சின்னப் பொண்ணுங்களுக்குத் தமிழ் வராது, இந்திதான். நீங்க முன்னாடி நின்னு படிக்கிறீங்க. மாமியார் அதை வாங்கிட்டு அடுக்களைக்குப் போறா. உள்ளே போகும்போது கேள்வி. வெளியே வரும்போது மாமியார்."

பின்னிருக்கையில் ஒருவர் சிரித்தார். கோவிந்தசாமிக்கு முகம் சிவந்தது. "தமிழ்ச் சங்கம் இந்தியிலே கேள்வி கேட்டா நாளைக்கு எதுக்கு சங்கம்? ஐயாவைக் கேளுங்க."

என்னைக் கேட்டார்கள். அவ்வினாக்களை நான் முன்பே படித்திருந்தேன். நடை செம்மையாக இருந்தது. ஏழாயிரம் கல் கடந்து வந்த மக்கள் இப்படி எழுதுகிறார்களே என்று நெஞ்சு நிறைந்து பாராட்டியும் இருந்தேன். எனவே செயலாளர் பக்கமே பேசினேன். கதீஜா பணிவுடன் தலையசைத்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

நண்பகல்

இரக்கிரக்கியின் கடைத்தெருவுக்கு வைலேகா என்று பெயர். அங்கிருந்து வாடகை உந்தில் இரண்டு மைல் சென்றோம். சாலையின் இருமருங்கும் கரும்பு. சில வயல்கள் எரிந்து கருந்தண்டுகளாய் நின்றன. குன்றின் அடிவாரத்தில் தகரக் கூரை வீடுகள், ஒவ்வொன்றிலிருந்தும் சற்று விலகித் தனியே ஓர் அடுக்களைக் கொட்டகை. ஆடவர் எல்லாரும் வயலில் இருந்தனர். ஆடித் திங்களில் இங்கே ஆலை ஓடும். ஆலை ஓடும் காலத்தில் வீட்டில் ஆண் தங்குவதில்லை.

முதல் வீடு அஞ்சலை என்னும் மூதாட்டியுடையது. எலுமிச்சைப் புல் போட்ட தேநீர் தந்தார். கோவிந்தசாமி முதல் வினாவைப் படித்தார்.

"வீட்டில் எத்தனை பேர்?"

"அஞ்சு" என்றார் அஞ்சலை. பிறகு, "நாலு. நாலுன்னு போடு" என்றார்.

அப்போதுதான் விளங்கியது, சென்ற ஆண்டு மறைந்த பெண் அந்த வீட்டு மருமகள் என்று.  கோவிந்தசாமி எஞ்சிய வினாக்களை விரைந்து படித்தார். மனக்குறை உண்டா? இல்லை. பூசல் உண்டா? இல்லை. குடிப்பழக்கம்? இல்லை. கதீஜாவின் எழுதுகோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுத்தது. அஞ்சலை எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. தேநீர்க் கிண்ணங்களைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நடுவில் இருந்த வீடுகளிலும் விடை மாறவில்லை. கடைசி வீடு அஞ்சலையின் வேலிக்கு அடுத்தது. வீட்டுக்காரியான முனியம்மா திடகாத்திரமான பெண். பேச்சில் நகை கலந்திருந்தது. முற்றத்தில் பெரிய அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கரும்பு வெட்டும் கூலியாட்கள் பருவம் முழுதும் இவ்வீட்டிலேயே உண்பார்களாம்.

"இல்லத்துப் பெண்டிர்க்கு மனக்குறை யாதேனும் உண்டா?" என்று படித்தார் கோவிந்தசாமி.

முனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்னா சாமி, அர்ச்சனை பண்றாரு?"

"மனசுலே கொறை உண்டான்னு கேக்குறாரும்மா" என்றார் கதீஜா.

"எனக்கு என்னா கொறை. முட்டி வலிதான். மருமவளைக் கேக்கணுமா? புதுப் பொண்ணு, போன ஆவணியிலே கட்டினது. சிகடோகாக்காரி, தமிழு சுத்தமா நை, வராது. இரு, கேட்டுட்டு வாரேன்."

கொட்டகைக்குள் சென்றார். உள்ளே இந்தியில் ஏதோ இரண்டு சொல் கேட்டது. உடனே திரும்பி வந்தார். "ஒண்ணும் இல்லியாம். எழுதிக்க டீச்சர்."

கதீஜா எழுதினார். பிறகு காலில் அப்பிய கரியைக் கழுவவேண்டும் என்று கொட்டகைக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குச் சென்றார். முனியம்மா என்னிடம் தஞ்சையில் மாரியம்மன் திருவிழா எப்படி நடக்கும் என்று வினவிக்கொண்டிருந்தார். கதீஜா திரும்பி வந்தபோது அவருடைய முக்காட்டின் நுனி நனைந்திருந்தது. கால்களில் கரி அப்படியே இருந்தது.

பிற்பகல்

குடியிருப்பு கண்ணுக்கு மறையும் தொலைவு வரும்வரை கதீஜா வாய்திறக்கவில்லை. ஒரு மாமரத்தடியில் நின்றார்.

"ஐயா, அந்தப் பொண்ணு பேரு கௌரி. தொட்டிகிட்டே என் கையைப் பிடிச்சா. மாமியார் உள்ளே வந்து எதையும் கேக்கவே இல்லியாம். 'உப்பு எங்கே'ன்னு கேட்டுட்டுப் போனாளாம்."

கோவிந்தசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதீஜா கையை உயர்த்தினார்.

"இருங்க பாய். ஆடி பொறந்ததும் அவ அப்பா கூட்டிட்டுப் போக வந்தாராம். வாசல்லேயே திருப்பி அனுப்பிட்டாங்க. அவ அடுப்புகிட்டே இருந்தா, அப்பா மூஞ்சைக்கூடப் பாக்கலை. ராத்திரியிலேயே எந்திரிச்சு கரும்பு வெட்டற கேங்குக்கு ரொட்டி சுடணும். தூக்கமே இல்லை. அப்புறம் சொன்னா... 'பக்கத்து வீட்டு சுசீலா போன வழி எனக்கும் தெரியும் டீச்சர். நாளைக்கு மறுநாள் அம்மாவாசை, அன்னிக்குள்ளே யாரும் வரலைன்னா பாத்துக்கறேன்'னா. அழலை ஐயா. அழுதிருந்தா எனக்கு இவ்வளவு பயம் வராது."

மாமரத்தில் ஒரு மைனா கத்திக்கொண்டிருந்தது. 

"திரும்பிப் போகலாம்" என்றார் கதீஜா.

"போக முடியாது." கோவிந்தசாமி வழியை மறித்து நின்றார். "வாக்குக் கொடுத்தது நான். வீட்டுக்கு வீடு நானே படிச்சேன். சொன்னது வெளியே போகாது, நாங்க திரும்ப வரமாட்டோம்னு. நீங்க போய் நின்னா அவதான் சொன்னான்னு முனியம்மாவுக்குத் தெரிஞ்சுரும். நாம பஸ் ஏறிப் போயிருவோம். அவ அங்கே இருப்பா."

"அப்ப வாக்கைக் காப்பாத்துங்க. பொண்ணைக் கொல்லுங்க."

"டீச்சர்!"

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதுவே எனக்கு அச்சமூட்டியது. லௌட்டோகா செல்லும் கடைசிப் பேருந்து நான்கு மணிக்கு. காவல் நிலையத்துக்குப் போனால் என்ன சொல்வது? ஒரு பெண் தண்ணீர்த் தொட்டியருகே பேசினாள் என்றா? அவர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போன பின் அவள் நிலை என்னாகும்?

எனக்கு இந்தி தெரியாது. அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் முனியம்மா என் எதிரிலேயே இரண்டு செய்திகளைச் சொல்லியிருந்தார்: சென்ற ஆவணியில் திருமணம், தாய்வீடு சிகடோகா. இது ஆடித் திங்கள். புதுமணப் பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பது நம் வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வந்த கிழவன் ஒருவன் அதைக் கேட்பதற்கு எவருடைய மறைவையும் உடைக்க வேண்டியதில்லை.

"நாளைச் சொற்பொழிவுக்கு நான் சிகடோகா செல்லவேண்டும் அல்லவா? அப்பெண்ணை உடனழைத்துச் செல்கிறேன்" என்றேன். "வினாக் கேட்டவனாக நான் திரும்பவில்லை. ஆடி அழைப்புக்கு வருகிறேன்."

கோவிந்தசாமி என்னை வெறித்துப் பார்த்தார். "வெறுங்கையோடயா?"

வைலேகாவுக்கு விரைந்தோம். குசராத்தியர் கடையில் சிவப்புக் கரையிட்ட சேலை ஒன்று, ஒன்பது டாலர். கண்ணாடி வளையல், மஞ்சள்கிழங்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், இவற்றை வைக்க ஒரு தட்டு. வெற்றிலை கிடைக்கவில்லை. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. கதீஜா பேருந்து நிலையத்திலேயே தங்குவதென்று முடிவாயிற்று. அவரைக் கண்டால் முனியம்மாவுக்கு ஐயம் எழும். கோவிந்தசாமி வரவேண்டாம், வழி காட்டினால் போதும் என்றேன்.  அவர் வினாத்தாள்கள் இருந்த தோற்பையைக் கழற்றிக் கதீஜாவிடம் கொடுத்தார்.

"இப்ப நான் செகரட்டரி இல்லை" என்று சொல்லிவிட்டு உந்தில் ஏறி என்னருகே அமர்ந்தார்.

முனியம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். தட்டில் சேலையைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னா சாமி இது?"

"ஆடி வந்துவிட்டதம்மா. நாளை சிகடோகாவுக்குச் செல்கிறேன். புதுமணப் பெண் என்று நீங்கள்தாம் சொன்னீர்கள். தாய்வீட்டில் சேர்த்துவிட எனக்கு இசைவு கொடுங்கள்."

"ஆடிக்கு அழைக்கறதெல்லாம் நம்ம ஆயா காலத்துலே. இங்கே ஆடியிலேதான் மில்லு ஓடுது." சட்டென்று அவர் கண்கள் கூர்மையாயின. "அவ எதாச்சும் சொன்னாளா?"

அருகே நின்ற கோவிந்தசாமி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இந்தி தெரியும். கதீஜா சொன்னதும் தெரியும். பொய் சொல்ல அறியாத மனிதர்.

"அவள் மொழி எனக்குத் தெரியாதம்மா" என்றேன். "இன்று காலையிலிருந்து நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை." இரண்டும் உண்மை.

முனியம்மா தட்டைத் தொடவில்லை. "பாரு சாமி. கேங்குக்குச் சோறு ஆக்க ஆளு இல்லேன்னா அவனுங்க வேற பார்முக்குப் போயிருவானுங்க. வெட்டாத கரும்பு நிக்கும், மில்லு மூடிருவான். அப்புறம் வருசம் பூரா நாங்க என்னா திங்கறது? நான் இந்த வூட்டுக்கு வந்து எத்தனை சீசன் ஆக்கிப் போட்டேன். நான் போனேனா ஆடிக்கு? என் அம்மா செத்ததுக்கே போவலை. என்னை யாரு வந்து தட்டு வெச்சிக் கூப்பிட்டா?"

 அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யன்று. கொட்டகைக்குள் பாத்திரம் தேய்க்கும் ஒலி நின்றுபோயிருந்தது. மொழி தெரியாவிட்டாலும் உள்ளிருந்தவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மணி மூன்று இருக்கும். தட்டைத் தாங்கிய என் கைகள் வலித்தன. கீழே வைத்தால் எல்லாம் முடிந்துபோகும் என்று அச்சமாக இருந்தது.

"முனி."

வேலியோரம் அஞ்சலை நின்றார். மரவள்ளிச் செடிகளை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"அனுப்பு. நான் வந்து ஆக்கிப் போடறேன்."

"உன் வூட்டை யாரு பாக்கறது அக்கா?"

"என் வூட்டு ஆளுங்களும் இங்கேயே வந்து திங்கட்டும்." முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "சுசீலாவும் கேட்டாளே, தெரியுமா? ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போறேன்னா. சீசன் முடியட்டுண்டின்னேன். சீசன் முடியறதுக்குள்ளே..." அங்கே நிறுத்திக்கொண்டார். கோவிந்தசாமியைப் பார்த்து, "மத்தியானம் கேட்டியே, கொறை உண்டான்னு. இல்லேன்னு சொன்னேன். எழுதினியா?" என்றார்.

"எழுதிட்டோம்மா."

"எழுதினதை வெச்சுக்க."

முனியம்மா அஞ்சலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்நேரம் வயற்புறத்திலிருந்து அவருடைய மகன் வந்தான். உடலெங்கும் கரி, கண் மட்டும் வெளுப்பு, தோளில் தண்ணீர்க் குடுவை. தட்டையும் சேலையையும் பார்த்தான். தாயையும் அஞ்சலையையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஜாய் தே, அம்மா" என்றான்.

போகட்டும் விடு என்பது பொருள். கோவிந்தசாமி மொழிபெயர்க்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அவன் வீட்டினுள் சென்று ஒரு துணிமூட்டையைத் தானே கட்டி எடுத்துவந்தான். முனியம்மா என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"ஆடி முடிஞ்சதும் இவன் போய்க் கூட்டியாருவான். முடிஞ்சா அவளை அதுக்கு முன்னாடியே வந்துரச் சொல்லு" என்றார். பிறகு கொட்டகையை நோக்கி இந்தியில் உரக்க அழைத்தார்.

நான் அப்போதுதான் கௌரியைப் பார்த்தேன். மெலிந்த பெண். நெருப்புப் பட்ட கைகள். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் உந்தில் ஏறினாள்.

பேருந்தில் கதீஜாவின் அருகே அமர்ந்த அவள், வண்டி நகர்ந்ததும் உறங்கிவிட்டாள். புழுதிச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் தலை கம்பியில் மோதியது, விழிக்கவில்லை. கதீஜா தம் உள்ளங்கையை அவள் தலைக்கும் கம்பிக்கும் நடுவே வைத்துக்கொண்டார். தாவுவா, பா, லௌட்டோகா என்று மூன்று ஊர்களிலும் அந்தக் கை எடுக்கப்படவில்லை. 

சனிக்கிழமை

இரவு கோவிந்தசாமியின் மனைவியுடன் தங்கிய கௌரியை அழைத்துக்கொண்டு அரசியார் சாலை வழியாகச் சிகடோகா சென்றோம். ஆற்றோரப் பள்ளத்தாக்கில் கத்தரியும் தக்காளியும் பயிரிடும் குடும்பம் அவளுடையது. அவளுடைய தந்தை ஒரு கூடைத் தக்காளியைத் தூக்கிவந்தவர், எங்களைக் கண்டதும் கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். கதீஜா அவரையும் தாயையும் தனியே அழைத்துப்போய் நெடுநேரம் பேசினார். கௌரி கேட்டுக்கொண்டதனால்தான் சொன்னேன் என்றார் பிறகு. பெற்றோர் முகம் மாறித் திரும்பி வந்தனர். தாய் அதன்பின் மகளின் கையை விடவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை

லௌட்டோகாக் கூட்டத்தில் கோவிந்தசாமி தொகுப்பைப் படித்தார். எல்லாக் குடியிருப்பிலும் மனக்குறை இல்லை, பூசல் இல்லை. அவையில் மகிழ்ச்சிச் சலசலப்பு எழுந்தது. "அப்புறம் எதுக்கு ஆளு போடறது?" என்றது ஒரு குரல். கோவிந்தசாமி தாளை மடித்து, தாமே தொகுத்த விடைகளைத் தாமே நம்பவில்லை என்றார். ஏன் என்று கேட்டார்கள். அவரால் சொல்ல இயலாது, வாக்கு இருந்தது. 

நான் எழுந்தேன். என்னாலும் ஒரு வீட்டைச் சுட்ட முடியாது. வினாக்களை மருமகள்கள் பேசும் மொழியில், மாமியார் இல்லாத நேரத்தில், பெண்களே மறுபடி கேட்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார்.

"தமிழுக்காக டிக்கெட் போட்டு உங்களை அழைச்சோம். நீங்க இந்திக்கு வக்கீலா வந்திருக்கீங்க!"

அவை சிரித்தது. எனக்கு அச்சிரிப்பு சுட்டது. நாற்பதாண்டுக் காலம் வேற்றுச்சொல் களைந்து எழுதியவன் நான். "விடை சொல்பவரின் மொழியில் கேட்காத வினா வினாவே அன்று" என்றேன். "தமிழை அவர்களுக்குக் கற்பியுங்கள், அதுவரை அவர்கள் காத்திருக்க வேண்டாம்."

"மாமியாருங்களை எங்கே அனுப்பறது?" என்றார் முதியவர்.

கதீஜா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். "ஐயாவோட பேச்சை இரக்கிரக்கிக் கோயில்லே வைங்க. தமிழ் தெரிஞ்ச எல்லாரும் வந்துருவாங்க. தெரியாதவங்க வீட்டிலே இருப்பாங்க."

இம்முறை அவையின் சிரிப்பு வேறாக இருந்தது. கைத்தடிக்காரரும் சிரித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை

இரக்கிரக்கிக் கோயிலில் தாய்மையைப் பற்றிப் பேசினேன். முன்வரிசையில் முனியம்மா அமர்ந்திருந்தார். அஞ்சலை வரவில்லை, கூலியாட்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். வாக்கு மீறாமல் கதீஜா சாலையிலேயே நிற்க, அவருடைய பள்ளித் தோழியர் இருவர் வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தனர். கோயில் வாசலில் அவர்கள் தலை தெரியும்வரை நான் முடிக்கக்கூடாது என்பது ஏற்பாடு. சுருங்கச் சொல்வதை மாணவர்க்கு வலியுறுத்திய நான் அன்று சொன்னதையே வேறு சொல்லில் திருப்பிச் சொன்னேன். எடுத்துக்காட்டுகளை அடுக்கினேன். முனியம்மா இருமுறை கொட்டாவி விட்டு எழப்பார்த்தார். மாரியம்மன் திருவிழாவுக்குப் பேச்சைத் திருப்பினேன், மீண்டும் அமர்ந்தார். நா வறண்டுபோன பிறகுதான் வாசலில் வெண்முக்காடு தெரிந்தது.

"விடை கிடைத்ததா?" என்று தண்ணீர் அருந்தியபடி கேட்டேன்.

"தாள் போதலை ஐயா" என்றார் கதீஜா. அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வானூர்தி நிலையத்தில் விடைபெறும்போது கோவிந்தசாமி ஒரு செய்தி சொன்னார். கௌரியின் கணவன் ஆடி முடியும் முன்னரே சிகடோகா சென்று மாமனார் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருக்கிறானாம். முதலில் பேசவேண்டும், பிறகுதான் வருவேன் என்று அவள் சொல்லியிருக்கிறாளாம். பேச்சு இன்னும் முடியவில்லை. பெண் பணியாளரை அமர்த்தச் சங்கம் இசைந்துவிட்டது. வானூர்தி எழுந்தபோது கீழே எரியும் வயலொன்றின் புகை நேர்கோடாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஊர் திரும்பிச் சில கிழமைகள் கழித்து, குடும்ப நலம் பற்றிக் கேட்கக் கல்லூரி மாணவியர் இருவர் எங்கள் தெருவுக்கு வந்தனர். முன்கூடத்தில் நாற்காலியிட்டு அமரச் செய்தேன். "வீட்டில் பெண்களுக்கு ஏதேனும் குறை உண்டா ஐயா?" என்றாள் ஒருத்தி. இல்லை என்னும் சொல் என் நாவில் ஆயத்தமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஆலை ஓடுவதில்லை, கூலியாட்கள் உண்பதுமில்லை. உள்ளே மருமகள் மங்கை பாத்திரம் கழுவும் ஒலி நின்றுபோயிருந்தது.

"அவரையே கேளுங்கள் அம்மா" என்று சொல்லி மங்கையை அழைத்து என் நாற்காலியில் அமரவைத்தேன். என் மனைவியைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்புறக் கிணற்றடிக்குச் சென்று நின்றேன். "அவளுக்கு என்ன குறை? இரண்டு நொடியில் வந்துவிடுவாள் பாருங்கள்" என்றாள் மனைவி.

நாங்கள் நின்றுகொண்டேயிருந்தோம். கிணற்றுச் சுவரின் நிழல் எங்கள் கால்களைக் கடந்து போயிற்று. மங்கை இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.